நீலப் பெட்டிக்கு ஒரு நிக்காஹ்

கடன் வாங்கிக் கெட்டவர்களை உங்களுக்குத் தெரியும். கடன் கொடுத்துக் கெட்டவர்களையும் தெரியும். அவர்களில் ஒருவர் நீங்களாகவே இருக்கவும் கூடும். ஆனால் ஒரு சதம் கடன்படாமல், ஒரு சதம் வட்டி கட்டாமல், கடனட்டையால் மாத்திரமே தலை சுற்றிப்போன மூன்றாவது இனம் ஒன்று நம்மிடையே நடமாடுகிறது. முத்திரை சேர்ப்பவருக்கும் புறா வளர்ப்பவருக்கும் ஊரில் ஒரு பெயர் உண்டு, இவர்களுக்கு இன்னும் இல்லை. இப்போதைக்கு வரவேற்புப் பரிசுக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

விஷயம் இதுதான். புதிதாகக் கடனட்டை எடுப்பவருக்கு வங்கி ஒரு பரிசு தரும். சும்மா தராது. இத்தனை நாளைக்குள் இத்தனை ரூபாயை அந்த அட்டையால் செலவழித்துக் காட்ட வேண்டும். சாதாரண மனிதர் அட்டையை எடுக்கிறார், பரிசு வந்தால் வரட்டும் என்று இருக்கிறார். நம்மவர் பரிசை எடுக்கிறார், அதோடு ஒட்டிக்கொண்டு அட்டையும் வந்தால் வரட்டும் என்று இருக்கிறார். பரிசு கைக்கு வந்த மறுநாளே அட்டையை ரத்துச் செய்துவிட்டு, அடுத்த வங்கியின் வாசலில் சம்பளச் சீட்டோடு போய் நிற்பார். வறுமையா? இல்லை. பேராசையா? அதுவும் இல்லை, பேராசைக்காரனுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

இவர்களை அடையாளம் காண்பது லேசு. கதிரையில் நேராக உட்கார மாட்டார்கள். பின்பக்கப் பையில் இருக்கும் பணப்பை, பணம் தவிர மற்ற எல்லாவற்றாலும் வீங்கியிருப்பதால் இடது பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்தே இருக்கும். கடைக்குள் நுழைந்தால் விலை கேட்க மாட்டார்கள், பொருள் நல்லதா என்றும் கேட்க மாட்டார்கள். ஒரே கேள்விதான்.

“மெஷின் இரிக்கா?”

இல்லை என்று கடைக்காரர் சொன்னால், மையத்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். இருக்கிறது என்றால் அந்தக் கடைக்காரரின் பிள்ளைகளின் சுகம், படிப்பு எல்லாவற்றையும் விசாரிப்பார்கள்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் புத்தளத்துக்குத்தான் வர வேண்டும். தில்லையடியில் இறங்கி ஹமீட் சேர் வீடு எது என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். கணித ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகப் பின்னமும் சதவீதமும் படிப்பிக்கிறார். வட்டி விஷயத்தில் கடும் கறார். கட்ட வேண்டிய தேதிக்கு நாலு நாள் முன்பே வங்கிக்குப் போய்ப் பணத்தைக் கட்டி, ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஜும்ஆவுக்குப் போவார். மௌலவியிடம் ஒரு தடவை இதை முழுதாக விளக்கினார். முக்கால் மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்த மௌலவி, வட்டி இல்லை என்றால் பாவமில்லை என்றார். பிறகு, நேரம் போவதற்கும் அல்லாஹ்விடம் கணக்கு உண்டு என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். ஹமீட் சேர் முதல் பாதியை மாத்திரம் ஊரெல்லாம் சொன்னார்.

தேவையில்லாத பொருளை வாங்கித் தொகையைக் காட்டுவது இந்த இனத்தின் சட்டத்தில் பெரும் குற்றம். அப்படியானால் ஒரு வாத்தியாருக்கு அறுபது நாளில் அவ்வளவு செலவு எங்கிருந்து வரும்? மற்றவர்களின் செலவைப் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் சேர் பஸ் ஏறி முந்தலுக்குப் போவார். அங்கே வின்சன்டின் ஹாட்வெயார் கடையில் காசு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். இறால் பண்ணைக்காரர்கள் குழாயும் சீமெந்தும் வாங்கிவிட்டுக் காசை எடுக்கும்போது இவர் அட்டையை எடுப்பார்.

“தம்பி, காசை என்னட்ட தாங்க, நான் காட்ல கட்டுறன். ஒங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல.”

பண்ணைக்காரருக்குப் பயம் வரும். ஒரு லாபமும் இல்லாமல் ஒருவன் தன் பில்லைக் கட்டுகிறேன் என்கிறானே, இதில் என்ன சூது என்று வின்சன்டைப் பார்ப்பார். வின்சன்ட் தலையைச் சொறிவார்.

“பயப்படாதீங்க, அது எங்கட சேர். தலைக்குள்ள வருத்தம் ஒண்டு இரிக்கு, ஆனா ஆளுக்கு ஒரு தீங்கும் செய்யாது.”

தலவில தேவாலயத் திருநாளுக்கு விற்க வின்சன்ட் மெழுகுதிரி மொத்தமாக எடுக்கப் போனபோது சேரும் லொறியில் ஏறிப் போனார். தொப்பியும் தாடியுமாக ஒரு முஸ்லிம் மனிதர் ஆயிரத்து இருநூறு மெழுகுதிரிக்குப் பணம் கட்டுவதைக் கண்ட யாரோ ஒருவர் புத்தளத்துக்குச் செய்தி கொண்டுவந்துவிட்டார். பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் மறித்துக் கேட்டார்கள். சேருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. மெழுகுதிரி வின்சன்டுக்கு, பொயின்ட்ஸ் எனக்கு என்றார்.

இப்படிச் சேர்ந்தவை என்ன? ஐந்து சோற்றுக் குக்கர். மூன்று மின்சாரக் கேத்தல். ஒரு தடவையும் வேலை செய்யாத ஒரு தலை பிடித்துவிடும் இயந்திரம். இவை எல்லாம் சில்லறை. சேரின் உயிர் இருப்பது பயணப் பெட்டியில். சக்கரம் வைத்த பெட்டி, ஒரு செட்டில் மூன்று: பெரிசு, நடு, சின்னன். நாலு செட் இருக்கிறது, கறுப்பில் இரண்டு, மெரூன் ஒன்று, சாம்பல் ஒன்று. பன்னிரண்டு பெட்டி. இந்தக் குடும்பம் பயணம் போகும் தூரம் எவ்வளவு? வருடத்துக்கு ஒரு தடவை மன்னாருக்கு, பஸ்ஸில், ஓர் இரவு தங்க. அதற்கும் சீலைப் பையில்தான் உடுப்பைக் கட்டிக்கொண்டு போவார்கள், பெட்டி கொண்டுபோனால் கீறல் விழுந்துவிடும்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து தோணியில் கல்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கிய பதினெட்டு வயது ஹமீட்டின் கையில் ஒரு சொப்பிங் பேக்தான் இருந்தது. அதற்குள் ஒரு சாரனும் பரீட்சைச் சான்றிதழும். அதனால்தான் அவருக்குப் பெட்டியில் இப்படி ஓர் ஆசை என்று இரக்கப்படுபவர்கள் உண்டு. இரக்கம் நல்லதுதான். ஆனால் அதே தோணியில் வந்த மற்ற நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு பெட்டியோடு திருப்தியாக இருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்வது? ஆனாலும் அவர் மனைவி ஸக்கியா அந்தச் சொப்பிங் பேக்கை நினைத்துத்தான் பல நாள் வாயை மூடிக்கொண்டாள். பெட்டிகளை வீணாக விடவும் அவளுக்கு மனம் வரவில்லை. கறுப்புப் பெரிசில் அரிசி, மெரூன் நடுவில் செத்தல் மிளகாய், சாம்பல் சின்னனில் வெங்காயம். அந்த வீட்டில் ஒரு வெங்காயம் வேண்டுமானால் மூன்று இலக்கப் பூட்டைத் திருப்ப வேண்டும்.

அட்டையை ரத்துச் செய்யும் சடங்கையும் நீங்கள் ஒரு தடவை கேட்க வேண்டும். சேர் தொழுகைக்கு வுழு எடுத்தவர் போல முகம் கழுவிக்கொண்டு வந்து, கதிரையில் சாய்ந்து வங்கிக்குக் கோல் எடுப்பார்.

“ஏன் சேர், காட்ட கேன்சல் பண்றீங்க?” என்று கொழும்பிலிருந்து ஒரு பெண் பிள்ளை கேட்கும்.

“வெளிநாடு போற எண்ணம் ஒண்டு இரிக்கு மகள்.”

“எந்த நாடு சேர்?”

“இன்னும் முடிவாகல்ல. பெட்டியெல்லாம் ரெடி.”

பார்த்தீர்களா, ஒரு சொல் பொய் இல்லை. எட்டு வங்கிகளின் புத்தகத்தில் ஹமீட் சேர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். அந்த வருடம் புதிய வங்கி ஒன்று புத்தளம் பஸ் நிலையத்துக்கு முன்னால் குடை விரித்து மேசை போட்டது. பரிசு, மூன்று பயணப் பெட்டி. நிறம், நீலம். சேரிடம் இல்லாத நீலம். ஆனால் நிபந்தனை இதுவரை அவர் காணாதது: அறுபது நாளில் ஐந்து லட்சம். ஏப்ரல் பத்தாம் திகதி வங்கி அட்டையை அங்கீகரித்தது, பதின்மூன்றாம் திகதி அது தபாலில் கைக்கு வந்தது. சேர் கரும்பலகைக்கு முன்னால் நின்றபடியே மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். ஜூன் பன்னிரண்டு கடைசி நாள். முந்தலில் உள்ள எல்லாப் பண்ணைக்காரரையும் பிடித்தாலும் ஒரு லட்சம் தேறாது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பகல் சாப்பாட்டில், எதிரே உட்கார்ந்து மீன் முள்ளெடுத்துக்கொண்டிருந்த மகள் நிஃப்லாவின் மேல் அவர் பார்வை விழுந்தது.

நிஃப்லாவுக்கு இருபத்திரண்டு வயது, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். ஸுஹைப் என்ற பையனுக்குப் பேசி முடித்தாயிற்று, இருவருக்கும் பிடித்தும் போயிற்று. மாப்பிள்ளையின் வாப்பா முத்தலிப் ஹாஜியார், உப்பு வியாபாரி, நாலு சொல் பேசும் இடத்தில் ஒரு சொல் பேசுபவர். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து, செப்டெம்பரில் கலியாணம் என்று இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். நகை எல்லாம் ஸக்கியா வருடக்கணக்காகச் சீட்டுப் பிடித்துச் செய்து வைத்துவிட்டாள். பாக்கியிருந்த ஒரே பெரிய செலவு கலியாணச் சாப்பாடு. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் ஒன்றுக்கு ஐயாயிரத்து அறுநூறு வீதம், தொண்ணூறு சஹன். கணக்கு வாத்தியாருக்கு உடம்பு புல்லரித்தது.

உடனே கலியாண மண்டபத்துக்கு ஓடினார். அங்கே மனேஜர் நிக்கொலஸ், சிலாபப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ஒரு மாதம்.

“கலியாணம் செப்டெம்பர்ல. காசை இப்பவே காட்ல கட்டட்டா?”

“அதெப்படி சேர்? சாப்பிட்டு முடிஞ்ச பொறகு சஹனை எண்ணித்தான் பில் போடுவம். சாப்பிடாத சஹனுக்கு நான் எப்படி பில் போடுறது?”

“அப்ப ஜூன் பன்னெண்டு மண்டபம் இரிக்கா?”

நிக்கொலஸ் புத்தகத்தைப் புரட்டினார். ஆச்சரியம், பன்னிரண்டு மட்டுமல்ல, ஜூன் முழுக்க மண்டபம் சும்மா கிடந்தது. கலியாணக் காலத்தில் மற்றவர்கள் அடிபட்டுப் பிடிக்கும் மண்டபம். சேர் இதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

“பகலா, ராவா சேர்?” என்று நிக்கொலஸ் கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

“பகல்தான். லுஹர் தொழுதிட்டுச் சாப்பாடு.”

ஊருக்குப் புதியவர், எழுதிக்கொண்டார்.

அங்கே நின்றபடியே சேர் மாப்பிள்ளை வீட்டுக்குக் கோல் எடுத்தார். முத்தலிப் ஹாஜியார் உப்பளத்தில், மாப்பிள்ளையின் உம்மாதான் எடுத்தார்.

“சம்மந்தி, கலியாணத்தைக் கொஞ்சம் முன்னுக்கு எடுப்பம் எண்டு யோசிக்கிறன். ஜூன் பன்னெண்டு.”

உம்மாவின் குரல் தாழ்ந்தது.

“ஏன் சேர், இவ்வளவு அவசரம்?”

“அவசரந்தான் சம்மந்தி. அதுக்குப் பொறகு எடுத்தா ஒண்டுக்கும் சரிவராது.”

இதற்கு மேல் ஒரு பெண்ணுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? போனை வைத்த கையோடு மாப்பிள்ளையின் உம்மா விரலை மடித்து மாதத்தை எண்ணத் தொடங்கினார்.

சேர் வீட்டுக்கு வந்து, வெற்றி பெற்ற மனிதராக, ஸக்கியாவிடம் திகதியைச் சொன்னார். அவள் குசினிச் சுவரில் தொங்கிய பள்ளிவாசல் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் மடியில் போட்டாள்.

“ஜூன் பன்னெண்டு என்ன நாள் எண்டு வாசிங்க.”

வாசித்தார். பதினாறாம் நோன்பு.

றமழான் மாதம் நட்ட நடுவில், பட்டப்பகலில், ஊரே நோன்பு பிடித்துக்கொண்டிருக்கும்போது, ஐந்நூற்று நாற்பது பேருக்கு ஹமீட் சேர் புரியாணி வைக்கப் போகிறார். நாலு வருடமாக அவர் தலைக்குள் ஒரே கலண்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதில் இரண்டு விதமான நாட்கள்தான் இருந்தன: பில் வரும் நாள், பில் கட்டும் நாள். பிறை அதில் எங்கேயும் உதிக்கவில்லை.

“ஒங்களுக்கு பிஸ்ஸு, முழுப் பைத்தியம்,” என்றாள் ஸக்கியா. “அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?”

சொல்லிவிட்டார். அதுதான் கெட்ட காலம். இப்போது நீங்களே மாப்பிள்ளை வீட்டாராக இருந்து யோசித்துப் பாருங்கள். செப்டெம்பரில் ஒப்புக்கொண்ட கலியாணத்தைப் பெண்ணின் தகப்பன் மூன்று மாதம் முன்னால் இழுக்கிறார். நோன்பு முடியும் வரைக்கும், அந்த இரண்டு கிழமைக்கும்கூட, அவரால் பொறுக்க முடியவில்லை. பிறகு சரிவராது என்று தன் வாயாலேயே சொல்கிறார். ஒரு பெண் பிள்ளையின் கலியாணத்துக்கு இப்படி அவசரப்படுவதற்கு உலகத்தில் எத்தனை காரணம் இருக்கிறது?

ஒன்றுதான். அதைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது. பின்னேரம் அஸருக்கு முன் கதை மாப்பிள்ளையின் மாமி வீட்டில், பொழுது சாய்ந்து மஃரிபுக்கு முன் தில்லையடியில். மறுநாள் பாலர் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாய்மார் வழக்கம்போல நிஃப்லாவின் முகத்தைப் பார்த்து ஸலாம் சொல்லவில்லை. அவளுடைய வயிற்றைப் பார்த்துச் சொன்னார்கள். ஒருத்தி மாங்காய் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பிள்ளை முதலில் விளங்காமல் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறது. பத்து மணிக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து அந்த மாங்காயைத் தகப்பனின் முன்னால் வைத்தாள்.

“வாப்பா, அங்க என்ன சொன்னீங்க?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கதவு முழுதாக மூடிக்கொள்ளவும் இல்லை, பின்னால் ஒரு மெரூன் பெட்டி தடுத்தது. அந்த இடைவெளியால் அழுகை நன்றாகக் கேட்டது. சேர் அந்தக் கதவடியை விட்டு நகரவில்லை, அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முத்தலிப் ஹாஜியாரும், அவர் மனைவியின் நானாவும். நானா என்றால் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், பேச்சுக்கு அவர்தான். கலியாணத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் தேத்தண்ணீரைத் தொடாததிலேயே தெரிந்தது. ஸக்கியாவும் நிஃப்லாவும் திரைக்குப் பின்னால் நின்றார்கள்.

“சேர், நாங்க சுத்தி வளைக்க வரல்ல,” என்றார் மாமன். “என்ன அவசரம் எண்டு சொல்லுங்க. உண்மையச் சொன்னா மரியாதையாப் பிரிஞ்சிடலாம்.”

ஹமீட் சேர் தொண்டையைச் செருமினார்.

“பெட்டிக்காக.”

“என்ன பெட்டி?”

“நீலப் பெட்டி. சக்கரம் வைச்சது. மூணு.”

மாமன் முத்தலிப் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் நிலத்தைப் பார்த்தார். சேர் எல்லாவற்றையும் சொன்னார்: அட்டை, அறுபது நாள், ஐந்து லட்சம், சாப்பிடாத சஹனுக்கு நிக்கொலஸ் பில் போட மறுத்தது, நோன்பை மறந்தது. வங்கியின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். சத்தியம் செய்யவும் தயார் என்றார். மாமன் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

“சேர், நீங்க கணக்கு வாத்தியார். மூணு பெட்டிக்காக ஒரு மனிசன் பெத்த புள்ளட கலியாணத்த நோன்புக்குள்ள வைப்பாரா? எங்களை என்ன மடையன் எண்டு நினைச்சீங்களா? பொய் சொல்றதெண்டா கொஞ்சம் நல்ல பொய்யாச் சொல்லுங்க.”

பாருங்கள் கொடுமையை. சேர் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, எந்தச் சாமர்த்தியமும் இல்லாமல், முழு உண்மையைச் சொல்கிறார். அது நம்பத் தகுந்ததாக இல்லை. ஸக்கியா பொறுக்க முடியாமல் வெளியே வந்து ஒவ்வொரு பெட்டியாக உருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் நிறுத்தினாள். பூட்டுகளைத் திறந்து அரிசியைக் காட்டினாள், மிளகாயைக் காட்டினாள், வெங்காயத்தைக் காட்டினாள். ஐந்து குக்கரையும் வரிசையாக அடுக்கினாள்.

“இந்த மனிசனுக்கு இதுதான் வருத்தம். நாலு வருஷமா நான் அனுபவிக்கிறன்.”

“சீதனச் சாமான் சேர்த்து வைச்சிரிக்கீங்க, அவ்வளவுதானே,” என்றார் மாமன். அவர் நல்ல மனிதர், ஒழுங்கான புத்தி உள்ளவர். அதனால்தான் அவருக்கு விளங்கவில்லை.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து நிஃப்லா பேசினாள். சத்தம் போடவில்லை.

“மாமா, எங்கட வாப்பா பொய் சொல்லல்ல. என்னை விட அவருக்கு அந்தப் பெட்டி பெரிசு. அது எனக்கு நாலு வருஷமாத் தெரியும்.”

ஹமீட் சேர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் தன்னைக் காப்பாற்றச் சொன்ன சாட்சி அது, தன்னைக் குத்திய கத்தியும் அதுதான் என்று அவருக்கு விளங்கியது. கண் கலங்கியது. இல்லை என்று சொல்ல நினைத்தார், அதை நிரூபிக்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை.

மாமன் எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார். முத்தலிப் ஹாஜியாரும் எழும்பியிருக்க வேண்டும். அவர் எழும்பவில்லை. கையை நீட்டி, மேசையில் கிடந்த வங்கிக் கடிதத்தை எடுத்தார். முன்பக்கத்தை அவர் பார்க்கவேயில்லை. நேரே பின்பக்கத்தைத் திருப்பி, எறும்பு ஊர்ந்தது போன்ற அந்தப் பொடி எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் வாசித்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“அறுவது நாள் காட் கைக்கு வந்த நாள்ல இருந்தா, பேங்க் அங்கீகரிச்ச நாள்ல இருந்தா?”

சேர் நிமிர்ந்தார். “கைக்கு வந்த நாள்ல இருந்து.”

“இல்ல. இஞ்ச ஏழாவது நிபந்தனையைப் பாருங்க. அங்கீகரிச்ச நாள்ல இருந்து. அப்ப ஜூன் பன்னெண்டு இல்ல. ஒன்பது.”

“ஒன்பதா?”

“ஒன்பது. நீங்க பன்னெண்டுல வைச்சிருந்தா கலியாணமும் போய்ப் பெட்டியும் போயிரிக்கும்.”

ஹமீட் சேர் கடிதத்தை வாங்கி வாசித்தார். சரிதான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்தலிப் ஹாஜியார் கதிரையில் ஒரு பக்கம் சாய்ந்து, பின்பக்கப் பையிலிருந்து ஒரு பணப்பையை வெகு பாடுபட்டு உருவினார். அதை மேசையில் வைத்தபோது மேசை கொஞ்சம் ஆடியது.

“என்னட்ட நீலம் இரிக்கு சேர். போன வருஷம் எடுத்தன்,” என்றார். குரலில் இப்போது ஒரு நெருக்கம். “எனக்கு மெரூன்தான் கெடைக்கல்ல.”

பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார்.

“உக்காருங்க மச்சான். இந்த மனிசன் சொல்றதெல்லாம் உண்மை. அந்தப் புள்ளைல ஒரு குறையும் இல்ல. கலியாணம் பேசினபடி ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சு. ஊர்ல கதைச்சவங்களுக்கு நானே போய்ச் சொல்றன்.”

சொன்னார் என்பதையும் இங்கே குறித்துவிட வேண்டும். அந்த வாரம் முழுக்க உப்பு விற்பதை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய், ஒரு மனிதன் பெட்டிக்காக இப்படிச் செய்யக்கூடும் என்பதற்குத் தன்னையே உதாரணம் காட்டினார். தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்த ஒன்பது பெட்டியையும் வெளியே எடுத்துக் காட்டினார். மாங்காய் கொடுத்தவள் வந்து மன்னிப்புக் கேட்டாள். ஊர் நிஃப்லாவைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு சம்மந்திமாரையும் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது. அது நியாயமான சிரிப்பு.

ஆனால் அன்று கூடத்தில், தேத்தண்ணீர் திரும்பச் சூடாக்கி வந்தபோது, ஸக்கியா ஹாஜியாரிடம் ஒன்று கேட்டாள். பெற்ற தாய் கேட்காமல் இருக்க முடியாது.

“சம்மந்தி, மாப்பிள்ளைக்கு எத்தனை காட் இரிக்கு?”

“அல்ஹம்துலில்லாஹ், ஒண்டும் இல்ல. அவன் உம்மாட பக்கம்.”

திரைக்குப் பின்னால் நிஃப்லா மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் காலை ஹமீட் சேர் முகம் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். நீலப் பெட்டிக்காக எடுத்த அட்டையை ரத்துச் செய்யக் கோல் எடுத்தார். நிஃப்லா எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அவரோடு இன்னும் பேசவில்லை.

“காரணம் கேக்கலாமா சேர்?” என்றது அந்தப் பக்கத்துப் பெண் பிள்ளை.

வெளிநாடு என்று வாய் வரைக்கும் வந்தது. மகளைப் பார்த்தார்.

“என்ட மகளுக்குக் கலியாணம்.”

“வாழ்த்துக்கள் சேர். அப்ப சேருக்குச் சரியான நேரம். கலியாண வீட்டுக்காரங்களுக்கு எண்டே எங்கட புதிய காட் ஒண்டு வந்திரிக்கு. ஆண்டுக் கட்டணம் இல்ல. வரவேற்புப் பரிசா நாங்க குடுக்கிறது என்னண்டா...”

ஹமீட் சேர் போனை வைத்துவிட்டார். அந்தச் சொல் முடியுமுன். நாலு வருடத்தில் முதல் தடவையாக, என்ன பரிசு என்று கேட்காமலே. நெற்றி வேர்வையைத் துடைத்தார். நிஃப்லா வெங்காயக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஸக்கியா என்ன நகை செய்து வைத்திருந்தாலும், அவர் தன் மகளுக்குக் கொடுத்த சீதனம், பரிசு என்னவென்று கேட்காமல் விட்ட அந்த அறியாமைதான்.

இவ்வளவுதான் கதை. இதை நம்ப முடியவில்லையா? மகிழ்ச்சி, நீங்கள் அந்த மாமனைப் போன்ற ஒழுங்கான மனிதர், நிம்மதியாகப் போய்த் தூங்குங்கள். ஆனால் ஹாஜியார் ஒன்பது என்று சொன்னபோது ஏப்ரல் பத்திலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தவர்களும், இவன் ஏன் அந்த வங்கியின் பெயரைச் சொல்லவில்லை என்று உள்ளுக்குள் கோபித்துக்கொண்டவர்களும், இந்தக் கணத்தில்கூட, சேர் போனை வைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கலியாண அட்டைக்கு என்ன பரிசு தருவார்கள் என்று தெரிந்திருக்குமே என்று தவித்துக்கொண்டிருப்பவர்களும் தயவுசெய்து ஓர் உதவி செய்ய வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கலியாணத் திகதியை வேறு யாரிடமாவது குறிக்கச் சொல்லுங்கள்.